உப்பு படாதது

கொட்டகை வாசலிலேயே
பூட்ஸைக் கழற்றிவிடுவேன்.
பக்தியெல்லாம் இல்லை.
பதினான்கு மணி நேரம் ஹௌட்டன் சாலைகளில்
நானே இறைத்த உப்பு
அதன் அடியில் ஒட்டியிருக்கிறது.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்.
உப்பைத் தின்ற இரும்பு
தன்னையே குடித்துத் தீர்க்கும்.
என் பனிவாரி வண்டியின் பின்னால் சுழலும் தட்டு
இந்த ஊரின் பாதிக் கார்களை
அரித்துப் பொடித்திருக்கிறது,
என் மைத்துனன் காரையும் சேர்த்து.
இதற்கு மட்டும்
ஒரு கல் உப்பு கிடையாது.

போர்வையை விலக்குகிறேன்.
கரும்பச்சை. இரண்டே இருக்கை.
தொண்ணூற்றொன்றில் பிறந்த மியாட்டா.
சக்கரங்களுக்கு அடியில் நுரைப்பலகை,
புகைக்குழாய் வாயில் எலிக்குப் பயந்து இரும்புப் பஞ்சு.
பாட்டரியோரம் ஒரு பச்சை விளக்கு
கண்கொட்டாமல் உட்கார்ந்து
சொட்டுச் சொட்டாக மின்சாரம் புகட்டுகிறது.

எஞ்சினை எழுப்புவதில்லை.
ஐந்து நிமிட உறுமலுக்குக் கூலியாக
ஏப்ரல் வரை குழாய்க்குள் ஈரம் குடியிருக்கும்.

பனிவாரியில் மூன்று படி ஏற வேண்டும்.
இதில் இறங்க வேண்டும்,
முழங்கால் ஒன்று, பிறகு முதுகு,
பிறகு மறுபடி யோசித்து மற்ற முழங்கால்.
தோல் இருக்கையின் குளிர்
கால்சட்டையைத் தாண்டி எலும்பை விசாரிக்கிறது.
கிளட்ச். ஒன்று. இரண்டு.
இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில்
சின்னதாக ஒரு முனகல்:
எண்ணெய் தேனாகிவிட்டது.
மூன்று. நான்கு.
அவ்வளவுதான், ஊரைத் தாண்டியாயிற்று.

இதே வளைவுகளைத்தான்
இன்று காலை மணிக்கு இருபது மைலில்
சுரண்டிக்கொண்டு வந்தேன்.
வெள்ளைச் சுவர் இரண்டுக்கு நடுவே
கம்பு நட்டுத்தான் சாலையைக் கண்டுபிடிக்கிறோம் இங்கே.
இப்போது அதே வளைவில்
மேப்பிள் நிழல் என் கைமேல் ஓடுகிறது,
ஏரி இடப்பக்கம் வந்து வந்து ஒளிகிறது.
கையுறைப் பெட்டிக்குள்
புகைமீன் வாங்கிய ரசீது, ஜூலை பத்தொன்பது.
காய்ந்த செர்ரிக் கொட்டை ஒன்று.
தூக்கி எறிய மனம் வரவில்லை,
எறிந்தால் குளிர்காலம் நிஜமாகிவிடும்.

கதவு திறந்தது.
வெர்னா. இரண்டு கோட்டு, ஒரு பிளாஸ்க்,
காலில் என் கம்பளிக் காலுறை.
திட்டத்தான் வந்தாள் என்று நினைத்தேன்.
பக்கத்து இருக்கையில் சரிந்து
பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.
"எங்க இருக்கோம்?"
"ஈகிள் ரிவர் தாண்டியாச்சு."
"கூரைய இறக்கலையா?"
"மழை வரும்போல இருக்கு."
காப்பியை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள்.
கண்ணாடியில் எங்கள் மூச்சு படிந்து
வெளியே இருந்த மண்வெட்டி, ஏணி, பெயின்ட் டப்பா
எல்லாம் கரைந்து போயின.
நெடுநேரம் பேசாமல் போனோம்,
நல்ல சாலையில் போகிறவர்கள்போல.
திடீரென்று என் தொடையைப் பிடித்தாள்:
"மெதுவா! இங்கதான் மான் குறுக்க வரும்."

பிரேக்கை மிதித்துவிட்டேன்.

சத்தியமாக, மிதித்துவிட்டேன்.
பின்கண்ணாடியில்
கொட்டகைச் சுவர் குப்பென்று சிவந்தது.
ஒரு நொடி இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.
பிறகு வந்தது பாருங்கள்,
காப்பி சிந்தியது,
இருபத்தெட்டு வருடத்தில் அப்படிச் சிரித்ததில்லை.

போன் அதற்குள் அடித்தது. டிப்போவிலிருந்து ரேண்டல்.
ஏரி மறுபடி கொட்டப்போகிறதாம்,
விடிவதற்குள் பத்து அங்குலம்.
"உப்பு ஏத்திட்டோம், கிளம்பி வா."

வாசலில் குனிந்து பூட்ஸ் மாட்டினேன்.
ஈரம் அதற்குள் உறைந்திருந்தது.
"நீ வரலையா உள்ளே?" என்றேன்.
ஓட்டுநர் இருக்கைக்கு
கியர் கம்பியைத் தாண்டித் தாவிக்கொண்டிருந்தாள்,
கோட்டு மாட்டிக்கொண்டு, கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு.
"நீ போ. இவ்வளவு தூரம் வந்துட்டு
துறைமுகத்தப் பாக்காம திரும்புறதா?"

டிரக்கின் மூன்று படியும் ஏறி
திரும்பிப் பார்க்கிறேன்.
பனி விழத் தொடங்கிவிட்டது.
கொட்டகைக் கதவின் கீழிடுக்கில்
சிவப்பாக ஒரு கோடு
எரிந்து, அணைந்து,
மறுபடி எரிகிறது.

அந்தப் பக்கம் மான் அதிகம்.